தோளுக்கு ஓர் அர்ச்சனை

ஜூன் 15, ஞாயிறு

காலையில் வெயில், பிற்பகல் மழை. குடையை மைதானத்திலேயே விட்டுவிட்டு வந்தாயிற்று. இந்த வருடம் தொலைத்த இரண்டாவது குடை.

நிரோஷனின் அணி வென்றது. அரையிறுதிக்குப் போகிறார்களாம். எனக்கு இந்த அமெரிக்கன் ஃபுட்போல் இன்னும் பிடிபடவில்லை. பெயர்தான் ஃபுட்போல், காலால் அடிப்பது எப்போதாவது ஒருதரம். ஐந்து விநாடி ஓடுகிறார்கள், பிறகு நின்று கூட்டம் கூடுகிறார்கள். எங்கள் கோயில் நிர்வாக சபை மாதிரி, வேலையைவிடக் கூட்டம் அதிகம். மகன் மூன்று வருடமாக விளையாடுகிறான். நான் மூன்று வருடமாகப் பக்கத்தில் இருப்பவர் கைதட்டும்போது கைதட்டுகிறேன். அதுவும் இங்கே எம்மன்புரூக்கேயில் நடக்கும் ஆட்டங்களுக்கு மட்டும். வெளியூர் ஆட்டங்களுக்குப் போனதில்லை, ஞாயிறு காலை வேலை முடிந்து அவ்வளவு தூரம் போக முடியாது.

நி. தான் குவாட்டர்பக். பந்தை எறிகிறவன். எதிர் அணியின் தடியன்கள் எல்லாரும் அவனை விழுத்தத்தான் வருகிறார்கள். இன்று இரண்டு பேர் ஒரேயடியாக மேலே விழுந்தார்கள். வலது தோள் நிலத்தில் அடிபட்டது. அவன் எழும்ப நேரம் எடுத்தது.  மனைவி மாலா எழுந்து நின்று நடுவரைத் திட்டினாள், தமிழில் கொஞ்சம், சுவிஸ் ஜெர்மனில் மிச்சம்.

எழும்பியவன் எங்கள் நீலச் சட்டைக்காரர் பக்கம் வராமல், எதிர் அணியின் பெஞ்சுக்கு நடந்தான். சனம் சிரித்தது. அவர்களும் சிரித்து, முதுகில் தட்டித் திருப்பி அனுப்பினார்கள். நி. எல்லாருக்கும் கையைக் காட்டினான். பகிடி விடுகிறான் என்று மாலாவும் கைதட்டிச் சிரித்தாள். நான் அது ஏதோ விதியாக்கும் என்று நினைத்தேன். விழுந்தால் எதிராளியிடம் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டுமோ என்னவோ. இந்த விளையாட்டில் எதையும் நம்பலாம்.

பிறகும் முடியும்வரை விளையாடினான். கழக வைத்தியர் தோளைப் பார்த்தார். முறிவு இல்லை, சவ்வு இழுபட்டிருக்கிறது. ஐஸ், ஓய்வு. புதன் திரும்பக் காட்ட வேண்டும்.

வாங்க: நோக்குளிசை, பால், குடை.

ஜூன் 17, செவ்வாய்

வெக்கை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் இந்தக் கிழமை முழுக்க எனக்கு ஃப்ரூடீன்ஸ்ட், விடியக்காலை வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்து படுக்கலாம் என்று பார்த்தால் சாப்பாட்டு மேசையில் யுத்தம்.

ஒரு பக்கம் மாலா. மறுபக்கம் மேல்மாடி ரவி அண்ணை. இரும்பு ஆலையில் இருபது வருடம் சத்தத்துக்குள் வேலை செய்தவர், ஆகவே வீட்டிலும் கத்தித்தான் கதைப்பார். நி. விளையாடத் தொடங்கியதிலிருந்து இவர்கள் இருவரும் பெரிய ரசிகர்கள். மேசை நிறையக் கடலை, பருப்பு. கடலை எங்கள் தடுப்பு ஆட்டக்காரர். பருப்பு எதிராளி.

பிரச்சினை இதுதான், நான் விளங்கிக்கொண்ட அளவில். நி.யின் தோள் ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிவராவிட்டால் யானிக் என்ற சுவிஸ் பெடியன்தான் எறிவான்.

"அவன் எறிஞ்சா பந்து பக்கத்து ஊருக்குப் போகும்," என்றார் ரவி அண்ணை. "எங்களுக்குப் புள்ளி வராது. அப்ப அவங்களையும் எடுக்க விடப்படாது. எல்லாரும் ஒரேயடியாப் பாயோணும். அவங்கட குவாட்டர்பக் மூச்சு விடப்படாது."

"எல்லாரும் பாஞ்சா பின்னுக்கு ஆர் நிக்கிறது?" மாலா. அவள் ஹோட்டலில் அறை துப்புரவுப் பகுதிக்குப் பொறுப்பு, எல்லாவற்றையும் அங்கிருந்துதான் பார்ப்பாள். "முதலாம் மாடியில நாலு அறை அழுக்கெண்டு எல்லாப் பிள்ளையளையும் அங்க அனுப்பினா, மூண்டாம் மாடியில ஆள் பெட்டியோட வந்து நிப்பான். ரெண்டு பேரைப் பின்னுக்கு விடோணும் ரவியண்ணை. சின்னச் சின்னதா எடுக்கட்டும். பெரிசா விடக்குடாது."

"பயந்த ஆட்டம் தங்கச்சி அது."

"புத்தியான ஆட்டம்."

பசியில் நான் ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டேன். இரண்டு பேரும் ஒரேநேரத்தில் கத்தினார்கள். நான் தின்றது கோர்னர்பக்காம். ஆர் அது என்று கேட்கவில்லை.

ரவி அண்ணையின் வட்ஸ்அப் குழுவிலும் இதே கதை. ஒருத்தர் ஊசி போட்டால் விளையாடலாம் என்கிறார். ஒருத்தர் தைலம். ஒருத்தர் சூரிச்சில் எலும்பு முறிவு பார்க்கிற ஒரு அய்யாவின் நம்பர் போட்டிருக்கிறார். தோளுக்குச் சொந்தக்காரனை ஒருத்தரும் கேட்கவில்லை.

சொந்தக்காரன் அறைக்குள். எலெக்ட்ரிக் வேலைக்கு லீவு போட்டிருக்கிறான். கதவு சாத்தி, ஸ்டோரனும் கீழே இறக்கி, ஒரே இருட்டு. எனக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது. யன்னல் மறைப்பை மேலே இழுத்துவிட்டேன்.

"வெளிச்சம் வரட்டும் தம்பி. வருத்தக்காரன்ர அறை மாதிரிக் கிடக்கு."

தலையணையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டான். "அப்பா, நாளைக்கும் உங்களுக்கு ஃப்ரூடீன்ஸ்ட்டோ?"

"ஓம்."

இரவு சாப்பாட்டுக் கோப்பையை எடுக்கப் போனபோது அதையே திரும்பக் கேட்டான். இந்தப் பிள்ளைகளின் காது எப்போதும் ஃபோனுக்குள். ஆனால் ஃபோன் கவிழ்ந்து கிடந்தது.

ஜூன் 18, புதன்

மேகமூட்டம். புதுக் குடை வாங்கினேன், மழை இல்லை.

வைத்தியர் தோளை அசைத்துப் பார்த்தாராம். நல்ல முன்னேற்றம், விளையாடலாம். மாலாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் தெரியவில்லை. குழுவில் கைகூப்பிய படங்கள், வெடி, சிங்கம். ரவி அண்ணைக்கு மட்டும் அரைச் சந்தேகம். வைத்தியர் சொன்னால் மட்டும் போதாதாம், மேலே இருப்பவரும் சொல்ல வேண்டுமாம். வெள்ளிக்கிழமை கோயிலில் நி.யின் தோளுக்கு ஓர் அர்ச்சனை. தடுப்பில் நிற்கும் பதினொரு பேருக்குமாகப் பதினொரு தேங்காய் உடைப்பது. செலவு குழுவுடையது.

"தோளுக்கு எந்தச் சாமி அண்ணை?" என்று கேட்டேன், பகிடிக்கு.

"வேல் எறியிறவர் முருகன். எறியிற தோளுக்கு வேற ஆரிட்டப் போறது?"

அவர் தேங்காய்க் கணக்கை எழுதத் தொடங்கிவிட்டார்.

நி. சாப்பிடும்போது சொன்னான், ஞாயிறு ஜெர்மனியிலிருந்து ஒரு பயிற்றுநர் அவனைப் பார்ப்பதற்கென்றே வருகிறாராம். அங்கே சம்பளத்துக்கு விளையாடுகிற அணி. சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு, சின்ன வயதில் பால் பல்லைக் காட்டிக்கொண்டு வந்த சிரிப்பு. இருபத்திரண்டு வயது. தோசையில் பாதியை வைத்துவிட்டு எழும்பிவிட்டான்.

நோக்குளிசைப் பெட்டி காலி. திங்கள்தான் வாங்கியது. தோள் சுகம் என்றால் குளிசை எங்கே போகிறது? விளங்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

நல்ல வெயில். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

கோயில் வாசலில் குழுவில் பாதிப்பேர். சிலர் நீலச் சட்டை, முதுகில் 7, நி.யின் இலக்கம். வேட்டிக்கு மேல். எங்கள் கோயில் தொழிற்பேட்டையில் ஒரு பழைய களஞ்சியம், பக்கத்தில் டயர் கடை. சிதறு தேங்காய் அங்கே போய் விழுகிறது என்று டயர்க்காரர் முறையிட்டதிலிருந்து முற்றத்தில் ஓர் இரும்புத் தொட்டி. அதற்குள்தான் அடிக்க வேண்டும். ரவி அண்ணை ஒவ்வொரு தேங்காயையும் ஆட்டக்காரன் பெயர் சொல்லி அடித்தார். முதல் பத்தும் உடைந்தது. கடைசி உடையாமல் தொட்டி விளிம்பில் பட்டு, டயர் கடைப் பக்கமாக உருண்டு போனது.

"அது ஆர்?" என்றாள் மாலா.

"சேஃப்டி. கடைசியில நிக்கிறவன்."

"நான் சொன்னன் எல்லே, பின்னுக்கு ஆளில்லையெண்டு."

எல்லாரும் சிரித்தோம். நி. சிரிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான், கோயிலுக்குள்ளும். கழற்று என்று நான்தான் சொன்னேன்.

ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். நிரோஷன், அனுஷம். ரவி அண்ணை எட்டி, "ஐயா, வலது தோளெண்டும் சேத்துச் சொல்லுங்கோ," என்றார். ஐயர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தீபம் காட்டும்போது அந்த மெஷினைப் போட்டார்கள். மணி, மேளம், சேமக்கலம் எல்லாம் ஒரே பெட்டிக்குள் மின்சாரத்தில் அடிக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சத்தம், நெஞ்சுக்குள் இடிக்கும். பழகிவிட்டது எங்களுக்கு. நி. இரண்டு கையாலும் காதைப் பொத்தினான். முகம் சாம்பல். தூணைப் பிடித்தான், விட்டான், கூட்டத்துக்குள்ளால் வெளியே போனான். மாலா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள், காணவில்லை.

டயர் கடைச் சுவரோடு குந்தியிருந்தான். சத்தி எடுத்திருந்தான், வயிற்றில் இருந்ததெல்லாம் காலடியில்.

"என்ன தம்பி?"

"மணிச் சத்தம். தலைக்குள்ள அடிக்குது."

"தோளெல்லோ உனக்கு நோ?"

"தோள் எப்பவோ சுகம் அப்பா."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். விழுந்ததிலிருந்து தலையிடி. வெளிச்சம் குத்துகிறது. விழுந்த பிறகு நடந்த ஆட்டம் ஒன்றும் ஞாபகம் இல்லை. எதிராளியின் பெஞ்சுக்கு நடந்து போனதையே குழுவில் வந்த வீடியோவில் பார்த்துத்தான் அவனுக்குத் தெரியும்.

"டொக்டரிட்டச் சொன்னியோ?"

"அவர் தோளைத்தான் கேட்டவர்."

"எடேய்."

"சொன்னா விடமாட்டினம் அப்பா. ஜெர்மன்காரன் ஒருக்காத்தான் வருவான். அம்மாட்டச் சொல்லாதேங்கோ. ஒரேயொரு மேட்ச்."

நான் தலையாட்டினேன். அந்த ஆட்டு ஓமா இல்லையா என்று எனக்கே தெரியாது. அவன் ஓம் என்று எடுத்துக்கொண்டான்.

ரவி அண்ணை திருநீறோடு வந்தார். வெறும் வயிறு, வெக்கை, அதுதான் என்றார். தோளில் திருநீறு பூசிவிட்டார். பொங்கல் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் சாப்பிட்டேனா தெரியவில்லை.

ஜூன் 21, சனி

வேலை. உருளைக்கிழங்கு மசியலில் உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டேன். ஷெஃப் ருசி பார்த்துவிட்டு நாக்கை நீட்டினார்.

ஒரே குழப்பம். சொல்வதா, விடுவதா.

வைத்தியரே விளையாடலாம் என்றுவிட்டார். ஆனால் அவருக்குத் தெரியாது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, தன் உடம்பு தனக்குத் தெரியும் என்பான். ஆனால் அந்த உடம்பில்தான் எதிராளியின் பெஞ்சுக்கு நடந்தான். தலையிடி ஆருக்குத்தான் இல்லை, எனக்கே இப்போது இருக்கிறது. ஜெர்மன்காரர் திரும்ப வரமாட்டார். நான் சொல்லி, ஒன்றுமில்லை என்று வந்தால், சாகும்வரை என்னோடு கதைக்கமாட்டான். நான் சொல்லாமல் விட்டு, ஏதாவது வந்தால்? 

மாலாவிடம் சொல்லத்தான் மேசைக்குப் போனேன். பின்னேரம் முழுக்க அவளும் ரவி அண்ணையும் கடலையோடு. கடைசியில் அண்ணை விட்டுக்கொடுத்துவிட்டார், இரண்டு பேர் பின்னுக்கு. மாலா பயிற்றுநருக்கே ஒரு செய்தி எழுதி அனுப்பியிருக்கிறாள், நி.யின் ஃபோனிலிருந்து. நி. அவளுடைய தோளில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டே ஒரு பருப்பை நகர்த்தினாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை தோளில் சாய்ந்தால் எந்தத் தாய்க்கும் அது செல்லம்தான். சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கோப்பை கழுவப் போனேன்.

நாளை நி. அணியின் பஸ்ஸில். மாலா, ரவி அண்ணை காரில். ஆட்டம் பெர்ன் தாண்டி, பிரெஞ்சு கதைக்கிற பக்கம். எனக்கு வேலை.

ஜூன் 22, ஞாயிறு

ரயிலில் போகும்போது வெயில். அதன் பிறகு காலநிலையை நான் பார்க்கவில்லை.

காலை தேநீர் இடைவேளை. பராமரிப்புப் பகுதித் தாதி கிளவுடியாவிடம், என்னுடைய நண்பர் ஒருவரின் மகன் என்று தொடங்கிக் கேட்டேன். விழுந்தது, வெளிச்சம், சத்தி, கேட்டதையே திரும்பக் கேட்பது. அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். மூளை அதிர்ச்சி, விளையாடவே கூடாது என்றாள். அது ஆறுவதற்கு முன் இரண்டாம் தரம் அடி விழுந்தால் என்று தொடங்கினாள், முடிக்கவில்லை. பிறகு, குலம், உன்னுடைய மகன்தானே என்று கேட்டாள்.

ஷெஃப் ஏன் என்றுகூடக் கேட்காமல் போகச் சொன்னார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். நி.க்கு எடுத்தேன், ஃபோன் நிறுத்தியிருந்தது. மாலா எடுக்கவில்லை. ரவி அண்ணை எடுத்தார், பின்னால் ஒரே கூச்சல், "தம்பி, ஒண்டும் கேக்கேல்லை, நாங்கள் நல்ல இடம் பிடிச்சிட்டம்," என்று வைத்துவிட்டார். பெர்னில் ரயில் மாறினேன். சமையலறைச் சப்பாத்து, வெள்ளைக் காற்சட்டை. ஒரு பிள்ளை என்னைப் பார்த்துத் தாயிடம் ஏதோ கேட்டது.

மைதானத்தில் ஆட்டம் தொடங்கவில்லை, இரண்டு அணியும் உடம்பு சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். நீலச் சட்டைகளைக் கண்டேன். கயிற்றைத் தாண்டி நேரே ஓடினேன். ஒருவர் ஏதோ கத்தினார், நிற்கவில்லை. தொப்பி போட்ட, தாடி வைத்த, பயிற்றுநர் மாதிரி ஒரு பெரிய மனுசன். அவரைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த சமையலறை ஜெர்மனில் சொன்னேன்: ஏழாம் இலக்கம். தலை. கெட்டுப்போச்சு. என்னுடைய தலையில் தட்டியும் காட்டினேன்.

அவர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். கையால் தலையைத் தொட்டு, ஆட்டி, கேள்வியாகப் பார்த்தார். "ஓம், ஓம்," என்றேன், தமிழில். அவர் நிமிர்ந்து மைதானத்தின் மற்றக் கரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே வெள்ளைச் சட்டையில் 7. நி. பந்து எறிந்துகொண்டிருந்தான்.

வெளியூர் போனால் எங்கள் அணி வெள்ளைச் சட்டையாம். மூன்று வருடம் உள்ளூரில் மட்டும் பார்த்தவனுக்கு எப்படித் தெரியும். மகனுடைய தலை கெட்டிருக்கிறது, அடித்தால் விழுவான் என்று எதிராளியின் பயிற்றுநரிடமே போய்ச் சொல்லியிருக்கிறேன்.  நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

அந்த மனுசன் என் முழங்கையைப் பிடித்தார். விரட்டப் போகிறார் என்று நினைத்தேன். மைதானத்துக்குள்ளேயே, நடுவால், என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். போகிற வழியில் நடுவரைக் கூப்பிட்டார். மூன்று பேருமாக எங்கள் பக்கம் போனோம். அவர் பெயர்கூடத் தெரியாது எனக்கு. நன்றி சொன்னேனா என்றும் ஞாபகம் இல்லை.

நடுவர் நி.யை நிறுத்தினார். வைத்தியர் ஐந்து சொல் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். நி. இரண்டு சொன்னான். மாதம் கேட்டார், சரியாகச் சொன்னான். கடைசியாக எந்த அணியோடு விளையாடினாய் என்று கேட்டார். நி. என்னைப் பார்த்தான். எனக்கும் அந்தப் பெயர் தெரியாது.

எங்கள் பயிற்றுநர் அவனுடைய ஹெல்மெற்றை வாங்கி, தன் பைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

"நீங்கள் ஆரின்ர பக்கம் அப்பா?" என்றான் நி. அவ்வளவுதான். துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் இருந்தான். ஆட்டம் முடியும்வரை துவாயை எடுக்கவில்லை. அழுகிறான் என்று நினைத்தேன். ஜெர்மன்காரர் பாதியில் எழும்பிப் போனாராம்.

தோல்வி, மூன்றுக்குப் பூச்சியம். எனக்குத் தெரிந்த ஃபுட்போலில் அது பெரிய தோல்வி. இதில் மிகச் சின்னத் தோல்வியாம். இரண்டு பேர் பின்னுக்கு நின்றதால்தானாம்.

காரில் திரும்பினோம். நி.யும் எங்களோடுதான், முன் சீற்றில், கண்ணை மூடிக்கொண்டு. பெர்ன் தாண்டியதும் ரவி அண்ணை தொண்டையைச் செருமினார். "எண்டாலும் டிஃபென்ஸ்..."

"ரவியண்ணை, வேண்டாம்." மாலா. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அண்டைக்கு அவன் மற்றப் பக்கம் நடக்க, நான் கைதட்டிச் சிரிச்சனான் அப்பா," என்றாள். கையைப் பிடித்தேன். குளிர்ந்து போயிருந்தது.

குடை ரயிலில்.

ஜூன் 23, திங்கள்

மழை. வேலைக்கு லீவு சொன்னேன், நாளைக்கும்.

ஆஸ்பத்திரி. படம் எடுத்தார்கள், இரத்தக் கசிவு இல்லை. மாலா அந்த இடத்திலேயே அழுதாள். மூளை அதிர்ச்சிதான். இந்தப் பருவம் இனி ஆட்டம் இல்லை. ஃபோன் இல்லை, வேலை இல்லை, இருட்டு, நித்திரை. அடுத்த வருடம்? பார்க்கலாம் என்றார் வைத்தியர். பார்க்கலாம் என்றால் ஓமா இல்லையா, அதுவும் விளங்கவில்லை.

குழுவில் இரண்டு கட்சி. தகப்பன் சரியாகச் செய்தார் என்று ஒரு கட்சி. முதல் பாதியாவது விளையாட விட்டிருக்கலாம் என்று மற்றது. ரவி அண்ணை இரண்டையும் அழித்துவிட்டு, கும்பிட்ட கை ஒன்று மட்டும் போட்டிருக்கிறார். மாலா கடலையையும் பருப்பையும் ஒன்றாகக் கழுவி அடுப்பில் போட்டுவிட்டாள்.

நி. நேற்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. பின்னேரம் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றபோது குசினிக்குள் வந்தான். கறுப்புக் கண்ணாடி. சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அப்பா."

"ம்."

"நேற்று எறிஞ்சு பழகேக்க, பந்து எனக்கு ரெண்டாத் தெரிஞ்சது."

கேத்தலை வைத்துவிட்டேன். "அப்ப மேட்சில என்ன செய்திருப்பாய்?"

யோசித்தான். "ரெண்டில ஒண்டை எறிஞ்சிருப்பன்."

சிரித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. தேநீரை அவன் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினான்.

"நாளைக்கும் உங்களுக்கு ஃப்ரூடீன்ஸ்ட்டோ?"

"இல்லை. நாளைக்கு வீட்டில நிக்கிறன்."

குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தான். "நாளைக்கு ஃப்ரூடீன்ஸ்ட்டோ அப்பா?"

"இல்லை தம்பி. வீட்டில நிக்கிறன்."

அவனுக்கு முன்னால் அவனுடைய அறைக்குப் போனேன். ஸ்டோரனை நானே கடைசிவரை இறக்கினேன். ஒரு ஓரத்தால் இன்னும் வெளிச்சம் வந்தது. என் சமையலறை ஏப்ரனைக் கொண்டுவந்து, அதை வைத்து அடைத்தேன்.